எந்த ஃபங்ஷனுக்கு எந்த ஹெடர்? எழுதி வெச்சுக்கோங்க!

ரெண்டாம் வருஷ சி லேப் தேர்வு. கரண்ட் பில் போடுற ப்ரோக்ராம். யூனிட்டை ஸ்ட்ரிங்கா வாங்கி, ஏ-டு-எஃப் ஃபங்ஷன் வெச்சு தசம எண்ணா மாத்தினேன். 120.5 யூனிட் கொடுத்தா பில் கோடிக்கணக்குல வந்து நிக்குது. ஸ்லாப் கணக்கையே அரை மணி நேரம் முறைச்சுப் பார்த்தேன். தப்பு அங்க இல்ல. எஸ்டிடி-லிப் ஹெடரை இன்க்ளூட் பண்ண மறந்திருந்தேன், அவ்வளவுதான். கம்பைலர் வார்னிங் கொடுத்துச்சு. எரர் இல்லையேன்னு நான்தான் கண்டுக்கல. அந்தத் தேர்வுல அவுட்புட் மார்க் போச்சு.

ஜூனியர்ஸ், ஹெடர் ஃபைலுக்குள்ள ஃபங்ஷனோட கோடு இருக்குன்னு நினைச்சிருந்தா அதை முதல்ல விட்டுடுங்க. அதுல இருக்கிறது பெரும்பாலும் அறிவிப்பு மட்டும்தான்: இந்தப் பெயர்ல ஒரு ஃபங்ஷன் இருக்கு, இதையெல்லாம் வாங்கும், இந்த டைப்பைத் திருப்பித் தரும். அறிவிப்பே இல்லாத ஃபங்ஷனைக் கூப்பிட்டா, பழைய சி89 விதிப்படி கம்பைலர் "இது இன்ட் தரும்"னு தானா முடிவு பண்ணிக்கும். ஏ-டு-எஃப் தர்றதோ டபுள். நம்ம 64-பிட் இன்டெல் மெஷின்ல லினக்ஸ் ஓடும்போது டபுள் வர்ற ரெஜிஸ்டர் வேற, இன்ட் வர்ற ரெஜிஸ்டர் வேற. ஃபங்ஷன் சரியான விடையை ஒரு இடத்துல வெச்சுட்டுப் போகுது, நம்ம ப்ரோக்ராம் இன்னொரு இடத்துல கிடக்கிற குப்பையை எடுத்துப் படிக்குது. என் கோடி ரூபாய் பில் அங்கிருந்து வந்ததுதான்.

இந்த ஊகத்தை 1999-லயே சி ஸ்டாண்டர்டு நீக்கிடுச்சு. ஆனா ஜிசிசி வெறும் வார்னிங்கோட விட்டுக்கிட்டே இருந்தது. 2024-ல வந்த ஜிசிசி 14-லதான் அது எரர் ஆச்சு. உங்க லேப்ல அதைவிடப் பழைய வெர்ஷன் இருந்தா, நான் விழுந்த அதே குழி உங்களுக்கும் காத்திருக்கு.

சரி, எந்த ஹெடர்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது? கூகுளுக்கு முன்னாடி டெர்மினல்ல "மேன் 3" போட்டு ஃபங்ஷன் பெயரை அடிங்க. சினாப்சிஸ் பகுதியில முதல்ல வர்றதே இன்க்ளூட் வரிதான். அந்த 3 முக்கியம், லைப்ரரி ஃபங்ஷன்களோட பகுதி அது. வெறுமனே "மேன் பிரிண்ட்எஃப்"னு அடிச்சா ஷெல்லோட பிரிண்ட்எஃப் கமாண்டைப் பத்தின பக்கம் வரும். நான் அதையே சி-ன்னு நினைச்சுப் பத்து நிமிஷம் படிச்சிருக்கேன், சிரிக்காதீங்க.

பார்த்ததும் மூடிடாம, ரெக்கார்டு நோட்டோட கடைசிப் பக்கத்துல எழுதுங்க. ஃபங்ஷன் பெயர், ஹெடர், ரிட்டர்ன் டைப், குறிப்புன்னு நாலு காலம். ரிட்டர்ன் டைப் எதுக்குன்னு கேட்டா, ஆப்ஸ் கதையைப் பாருங்க. ஆப்ஸ் இருக்கிறது எஸ்டிடி-லிப்ல, அது இன்ட்டுக்கு. ஃபேப்ஸ் இருக்கிறது மேத் ஹெடர்ல, அது டபுளுக்கு. மைனஸ் 2.5-ஐ ஆப்ஸ்கிட்ட கொடுத்தா 2 வரும், அரை காணாமப் போயிடும். ஹெடரை மட்டும் எழுதி வெச்சா இது தெரியாது.

குறிப்பு காலத்துல என்ன எழுதுறது? ஸ்கொயர் ரூட்டுக்கு மேத் ஹெடர் போட்டும் "அன்டிஃபைன்டு ரெஃபரன்ஸ்"னு வரும். அது கம்பைலரோட புகார் இல்ல, லிங்கரோடது. அறிவிப்பு கிடைச்சுடுச்சு, கோடு கிடைக்கல. லினக்ஸ்ல கடைசியில "மைனஸ் எல்எம்" சேர்க்கணும். 4.0-ன்னு நேரடி எண் கொடுத்தப்போ அது இல்லாமலே ஓடுச்சேன்னு கேப்பீங்க. அங்க விடையை ஜிசிசியே கம்பைல் பண்றப்போ போட்டு முடிச்சிருக்கும், லைப்ரரி தேவையே படல.

கிளியர்-ஸ்கிரீனும் கெட்-சிஹெச்சும் டர்போ சி-யோட கோனியோ ஹெடர்ல வர்றது, ஸ்டாண்டர்டு சி-ல கிடையாது. அந்த வரிசைக்கு நேரா "லினக்ஸ்ல இல்ல"ன்னு எழுதுங்க.

இன்னொரு பழக்கம். ஒவ்வொரு இன்க்ளூட் வரிக்குப் பக்கத்துலயும் கமென்ட்டா எந்த ஃபங்ஷனுக்காகன்னு போடுங்க. போன வருஷம் வைவாவுல எக்ஸ்டர்னல் என் ப்ரோக்ராமைத் திருப்பி, "சிடைப் ஹெடர் எதுக்குப்பா?"ன்னார். பக்கத்துலயே "டு-அப்பர்"னு எழுதியிருந்தது. படிச்சுட்டு அடுத்த கேள்விக்குப் போயிட்டார்.