அடம் எது, அரிப்பு எது?

அன்புள்ள தம்பிக்கு,

ரெடிங்கிலிருந்து நீங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. ஏழு மாத வெஸ்டி நாய்க்குட்டி. கூப்பிட்டால் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி மண்ணைத் தோண்டப் போய்விடுகிறது. கழுத்துப்பட்டையைப் பிடித்து இழுத்தால் நாலு காலையும் ஊன்றி உட்கார்ந்துகொள்கிறது. ராத்திரியெல்லாம் பாதத்தை நக்கிக்கொண்டே இருக்கிறது. 'இது திருந்தாது, யாருக்காவது கொடுத்துவிடுங்கள்' என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். உங்கள் மனைவிக்கோ கொடுக்க மனமில்லை.

கொடுக்காதீர்கள், தம்பி. நீங்கள் எழுதிய மூன்றையும் பிடிவாதம் என்ற ஒரே கணக்கில் சேர்த்துவிட்டீர்கள். முதல் இரண்டும் பிடிவாதம்தான். மூன்றாவது அரிப்பு. இவற்றைப் பிரித்துப் பார்க்கப் பழகுவதுதான் வெஸ்டி வளர்ப்பில் பாதி வேலை.

முதலில் பிடிவாதத்தைப் பார்ப்போம். நான் இருக்கும் கிளாஸ்கோவிலிருந்து காரில் இரண்டு மணி நேரம் மேற்கே போனால் ஆர்கைல் பகுதியில் போல்டலாக் என்ற பழைய எஸ்டேட் இருக்கிறது. அந்தப் பெரிய மாளிகை இன்று கூரையில்லாமல் நிற்கிறது. அங்கே இருந்த கர்னல் எட்வர்ட் டொனால்ட் மால்கம்தான் இந்த வெள்ளை டெரியர்களைப் பேணி வளர்த்தவர்களில் முக்கியமானவர். புதரிலிருந்து வெளியே வந்த செந்நிற நாயை நரி என்று நினைத்துச் சுட்டுவிட்டார்கள், அன்றிலிருந்து வெள்ளைக் குட்டிகளை மட்டுமே வளர்த்தார் என்று அவரைப் பற்றி ஒரு கதை உண்டு. கதை எப்படியோ, நரியின் நிறத்தில் இல்லாத நாய் அந்த மலைச்சரிவில் உயிர் பிழைக்கும் என்பது சரிதான். 1907இல் கிரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சியில் 'வெஸ்ட் ஹைலேண்ட் ஒயிட் டெரியர்' (சுருக்கமாக வெஸ்டி) என்ற பெயரில் இந்த இனம் மேடையேறியது. பிளாக் அண்ட் ஒயிட் விஸ்கி பாட்டிலில் கறுப்பு ஸ்காட்டி நாய்க்குப் பக்கத்தில் நிற்கிற வெள்ளை நாய் இதுதான்.

அது செய்த வேலையை யோசித்துப் பாருங்கள். பாறை இடுக்கில் ஒரு வளை. மனிதன் நுழைய முடியாது. உள்ளே நரியோ, பேட்ஜர் என்ற வளைவாழ் விலங்கோ பல்லைக் காட்டிக்கொண்டு காத்திருக்கும். அந்த இருட்டுக்குள் நாய் தனியாகப் போக வேண்டும். முன்னே போவதா, நிற்பதா, எந்தப் பக்கம் திரும்புவது என்று சொல்ல அங்கே யாரும் கிடையாது. வழி அடைத்தால் தோண்ட வேண்டும். மேலே இருப்பவர்களுக்கு இடம் தெரியும்படி, விடாமல் குரைக்க வேண்டும். ஆட்டு மந்தை மேய்க்கும் கோலி இன நாய் நிமிஷத்துக்கு ஒருமுறை எஜமானின் முகத்தைப் பார்க்கும். அதன் வேலைக்கு அது தேவை. டெரியர் அப்படித் திரும்பிப் பார்த்தால் உள்ளே இருக்கும் விலங்கு அதன் மூஞ்சியைக் கடித்துக் குதறிவிடும். தோண்டுவது, குரைப்பது, விட்டுக்கொடுக்காதது, உத்தரவுக்குக் காத்திராதது: தலைமுறை தலைமுறையாகக் குட்டிகளைப் பொறுக்கியதே இந்த நாலுக்காகத்தான். பேட்ஜர்களைக் காக்க 1973இல் தனிச்சட்டம் வந்தது. நாய்களை விட்டு நரி வேட்டையாடுவதை இங்கிலாந்தில் 2004ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது. வேலை போய்விட்டது. அந்தப் புத்தி எங்கே போகும்?

ஆகவே அதோடு மல்லுக்கட்டாதீர்கள். தோட்டத்தில் ஒரு மூலையை அதற்கென்றே விட்டுவிடுங்கள். மணல் கொட்டி, அதில் பொம்மையையும் பிஸ்கட்டையும் புதைத்து வையுங்கள். புல்தரையில் தோண்டினால் திட்டாமல் தூக்கிக்கொண்டுபோய் அங்கே விடுங்கள். கழுத்துப்பட்டைக்குப் பதிலாக மார்பைச் சுற்றிப் போடும் ஹார்னஸ் வாங்குங்கள். உட்கார்ந்துவிட்டால் இழுக்க வேண்டாம். நீங்கள் இழுக்கிற அளவுக்கு அதுவும் எதிர்ப்பக்கம் இழுக்கும். நின்று, பக்கவாட்டில் திரும்பி, வேறு திசையில் நடங்கள். கூப்பிட்டு வரப் பழக்க பத்து மீட்டர் நீளக் கயிறும் வேகவைத்த கோழித் துண்டும் போதும். ஒன்றே ஒன்று முக்கியம்: வந்ததும் கோழியைக் கொடுத்துவிட்டு மறுபடி விளையாட விடுங்கள். வீட்டுக்குப் போகும்போது மட்டும் கூப்பிட்டால், கூப்பிடுவது என்றாலே விளையாட்டு முடிந்தது என்று இரண்டே நாளில் புரிந்துகொள்ளும். வேலியில்லாத இடத்தில் கயிற்றை அவிழ்க்கவே வேண்டாம், எவ்வளவு நன்றாகப் பழகியிருந்தாலும் சரி. அணில் ஓடினால் அதன் காதில் உங்கள் குரல் விழாது. செய்தித்தாளைச் சுருட்டி அடிக்கச் சொன்னாராமே உங்கள் பக்கத்து வீட்டுக்காரர்? பேட்ஜரையே எதிர்த்து நின்ற பரம்பரை அது. அடித்தால் பணியாது, உங்கள் கையைத்தான் நம்பாமல் போகும்.

இனி அந்தப் பாதம் நக்குவது. உங்கள் கடிதத்தில் என்னை உட்கார விடாத வரி அதுதான்.

இன்று சாயங்காலம் அது தூங்கும்போது முன்காலை மெல்ல எடுத்து விரல்களை விரித்துப் பாருங்கள். வெள்ளை முடி துருப்பிடித்த நிறமாகியிருந்தால் அழுக்கு என்று கழுவிவிடாதீர்கள். எச்சிலில் இருக்கும் போர்ஃபிரின் என்ற நிறமி ஏறிய கறை அது. எங்கே கறையோ அங்கே நாள்கணக்காக நக்கியிருக்கிறது என்று பொருள். விரலிடுக்கில் தோல் சிவந்து ஈரமாக இருக்கிறதா? முகர்ந்தால் மூன்று நாள் புளித்த தோசைமாவு வாடை வருகிறதா? அக்குள், தொடை இடுக்கு, அடிவயிறு எல்லாவற்றையும் பாருங்கள். தூசிப்பூச்சி, மகரந்தம், பூஞ்சை இவற்றுக்கு ஒவ்வாமை கொண்டு தோல் அழற்சி வருவது வெஸ்டிகளின் பெரிய துன்பம். பெரும்பாலும் ஆறு மாதத்துக்கும் மூன்று வயதுக்கும் இடையில்தான் தலைகாட்டும். உங்கள் குட்டி அந்த வயதில்தான் இருக்கிறது. அந்த அழற்சியின் மேல் மலசீசியா என்ற ஈஸ்ட் குடியேறினால்தான் அந்தப் புளிப்பு வாடை. கவனிக்காமல் விட்டால் தோல் தடித்துக் கறுத்துவிடும். அப்புறம் மீட்பது கடினம்.

நம் வீட்டுப் பழக்கத்தில் கை தேங்காய் எண்ணெய்க்குப் போகும். வேண்டாம். அந்த ஈஸ்ட் எண்ணெய்ப் பசையில் செழிப்பது. நாம் போடும் ஷாம்பூவும் கூடாது. குளோர்ஹெக்ஸிடினும் மைகோனசோலும் சேர்ந்த மருந்து ஷாம்பூவைக் கால்நடை டாக்டர் தருவார். பத்து நிமிஷம் ஊறவிட்டுக் கழுவி, விரலிடுக்கை நன்றாகத் துவட்ட வேண்டும். முதலில் தெள்ளுப்பூச்சி இல்லை என்று உறுதி செய்வார். பிறகு உணவுச் சோதனை சொல்லலாம்: குறைந்தது எட்டு வாரம் அவர் சொன்ன உணவைத் தவிர வேறு எதுவும், பயிற்சிக்குக் கொடுக்கும் கோழித் துண்டும்கூட, வாயில் போகக் கூடாது. வீட்டில் யாராவது மேஜைக்கடியில் ஒரு விள்ளல் தோசை கொடுத்தாலும் கணக்கு மறுபடி முதலிலிருந்து. அரிப்பை அடக்கும் ஒக்லாசிடினிப் மாத்திரையை ஒரு வயதுக்கு முன் தருவதில்லை. லோகிவெட்மாப் ஊசி பற்றிக் கேளுங்கள். இன்ஷூரன்ஸ் எடுத்திருந்தால் அதை விட்டுவிடாதீர்கள். புதிய பாலிசிகள் ஏற்கெனவே பதிவான நோய்க்குப் பணம் தருவது அபூர்வம்.

சமையலறை விஷயம் இன்னொன்று, சோதனை முடிந்த பிறகும் பொருந்தும். வெங்காயமும் பூண்டும் நாய்க்கு நஞ்சு, ஆகவே சாம்பார் சாதம் கிடையாது. சர்க்கரைப் பொங்கலில் போடும் உலர் திராட்சை சிறுநீரகத்தையே செயலிழக்க வைக்கும்.

அடம் என்று தோன்றும் வேறு இரண்டையும் சொல்லிவிடுகிறேன். ஏழெட்டு மாதத்துக்குள் குட்டி வாயைத் திறக்க மறுத்தால், பந்தை எடுத்துவிட்டு உடனே கீழே போட்டால், தாடையைத் தொட்டுப் பாருங்கள். இந்த இனத்தில் தாடை எலும்பு தடித்து வலிக்கும் ஒரு நோய் உண்டு. வளர்ச்சி முடியும்போது பெரும்பாலும் தணியும், அதுவரை வலிக்கு மருந்து வேண்டும். இரண்டாவது வயதான காலத்தில் வருவது. எங்கள் முதல் வெஸ்டி மாடிப்படியில் பாதியில் உட்கார ஆரம்பித்தாள். பார்த்தவர்கள் எல்லாரும், 'கிழவிக்கு எவ்வளவு அடம்' என்றார்கள். டாக்டர் ஸ்டெதஸ்கோப் வைத்தபோது நெஞ்சுக்குள் காய்ந்த சருகை மிதிக்கும் சத்தம். நுரையீரல் நார்த்தன்மையாக இறுகிப்போகும் நோய், குணப்படுத்த மருந்தில்லை. ஆனால் தெரிந்ததால் மீதி மாதங்களில் அவளை நாங்கள் தூக்கிக்கொண்டு ஏறினோம்.

வெஸ்டி வலியை வெளியே காட்டாது. அதனால் உங்கள் குட்டி திடீரென்று சாதுவாகி, தோண்டாமல், குரைக்காமல், சொன்னபடி கேட்டால் சந்தோஷப்படாதீர்கள். அன்றைக்கே டாக்டரிடம் கொண்டுபோங்கள்.

இந்த வாரமே நேரம் வாங்குங்கள். ராத்திரி நக்குவதைப் போனில் வீடியோ எடுத்துப் போங்கள். கிளினிக் மேஜையில் பதற்றத்தில் அது சொறியவே சொறியாது. காதுக்குள்ளும் பார்க்கச் சொல்லுங்கள், பாதத்தில் அரிப்பு இருந்தால் பெரும்பாலும் அங்கேயும் இருக்கும். அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள். உங்கள் மனைவியைக் கேட்டதாகச் சொல்லவும்.

அன்புடன்,
உங்கள் கிளாஸ்கோ அண்ணன்