மட்காடுக்குள் நிற்கட்டும் சக்கரம்

தேனியில் டயர் கழற்றி மாட்டுகிற வேலையில் நாற்பது வருடம் போய்விட்டது. டயர் பூட்டிய மாட்டு வண்டியில் தொடங்கினேன். ஏலக்காய் எஸ்டேட்டுக்கு ஆள் ஏற்றும் ஜீப், அம்பாசடர், மாருதி என்று வந்து, இப்போது போலோ ஜி.டி., ஸ்விஃப்ட், ஐ20 என்-லைன் வைத்திருக்கும் பிள்ளைகள் கடை வாசலில் நிற்கிறார்கள். செல்போனில் ஒரு படத்தைக் காட்டி, "ஐயா, இதே மாதிரி வீல் வெளிய தள்ளி நிக்கணும்" என்கிறார்கள். ஆசை தப்பில்லை. நல்ல அலாய் போட்ட வண்டியை நானும் நின்று பார்ப்பேன். ஆனால் படத்தில் இருக்கும் வண்டி போடிமெட்டு ஏறி இறங்குகிறதா என்பது நமக்குத் தெரியாது. உன் வண்டி ஏறி இறங்கும். பணத்தை எடுக்கும் முன்னால் இதையெல்லாம் கேட்டுக்கொள், தம்பி. நிஜமான ஸ்போர்ட்ஸ் கார் உன்னிடம் இருந்தாலும் கணக்கு இதேதான்.

1. எந்த ரோட்டில் ஓடப் போகிறது என்று முதலில் சொல். மதுரைக்குப் போய் வரும் வண்டிக்கு ஒரு டயர் போதும். போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவும், சின்னமனூரிலிருந்து மேகமலை ஏறும் 18 வளைவும் வேறு கேட்கும். குமுளி மலைப்பாதையில் மழை, ஆனி ஆடியில் பள்ளத்தாக்கு முழுக்கப் பக்கவாட்டுக் காற்று, கார்த்திகை மார்கழியில் ஐயப்ப பக்தர்களின் வண்டி வரிசைக்கு நடுவே நின்று நின்று இறங்கும் பிரேக். இவ்வளவும் உன் டயர் மேல்தான் வந்து நிற்கும்.

2. ரிம்மின் பின்பக்கத்தைப் படிக்கக் கற்றுக்கொள். 7ஜே × 16, ஈ.டி. 40, 4 × 100 என்று வார்த்திருப்பார்கள். 7 என்பது டயர் உட்காரும் அகலம், அங்குலத்தில். 16 விட்டம். 4 × 100 என்றால் நான்கு போல்ட், அவற்றின் நடுவழியாகப் போகும் வட்டத்தின் விட்டம் 100 மி.மீ. ஈ.டி.தான் ஆஃப்செட். ரிம்மின் அகலத்தை நட்டநடுவில் ஒரு கோடு போட்டுப் பிரித்ததாக நினைத்துக்கொள். ஹப்பில் ஒட்டி உட்காரும் முகம் அந்தக் கோட்டுக்கு வெளியே, ரோட்டைப் பார்க்கும் பக்கம், எத்தனை மி.மீ. தள்ளி இருக்கிறதோ அதுதான் ஆஃப்செட். எண் குறையக் குறையச் சக்கரம் வெளியே வரும்.

எண் அழிந்த பழைய ரிம் கிடைத்தால் நீயே அளக்கலாம். டயர் இல்லாத ரிம்மைக் கவிழ்த்து வை. பின் விளிம்பின் மேல் நேரான ஒரு சட்டத்தைப் போடு. சட்டத்திலிருந்து ஹப் முகம் வரை ஆழத்தை அள. ரிம்மின் மொத்த அகலத்தில் பாதியை அதிலிருந்து கழி. மிச்சம் ஆஃப்செட்.

3. இதை மனப்பாடமாக வைத்துக்கொள்: அகலம் இரண்டு பக்கமும் விரியும், ஆஃப்செட்டோ சக்கரத்தையே ஒரு பக்கம் தள்ளும். புதுசாக வருகிறவர்கள் குழம்புவது இங்கேதான்.

பழைய ரிம் 5.5 அங்குலம், ஆஃப்செட் 45 என்று வைத்துக்கொள்வோம். நீ ஆசைப்படுவது 7 அங்குலம், ஆஃப்செட் 35. அகலத்தில் கூடுவது ஒன்றரை அங்குலம், அதாவது 38 மி.மீ. அதில் 19 உள்ளே போகும், 19 வெளியே வரும். ஆஃப்செட் 10 குறைந்ததால் சக்கரம் மொத்தமாக 10 மி.மீ. வெளியே நகரும். ஆக வெளி விளிம்பு 29 மி.மீ. வெளியே வந்து நிற்கும். உள் விளிம்பு 9 மி.மீ. மட்டும் உள்ளே போகும். ஒன்றரை விரற்கடை வெளியே! மட்காடு விளிம்புக்கும் டயருக்கும் நடுவே அவ்வளவு இடம் இருக்கிறதா என்று ஸ்கேலை வைத்துப் பார்த்தாயா? அதே 7 அங்குலத்தை ஆஃப்செட் 45-லேயே எடுத்தால் பக்கத்துக்கு 19. அப்போது வெளியே இடம் கிடைக்கும், உள்ளே ஸ்ட்ரட்டில் இடிக்கிறதா என்று பார்க்க வேண்டி வரும். டயரும் தன் பங்குக்கு விரியும்: ரிம் அரை அங்குலம் அகன்றால் அதே டயரின் வயிறு சுமார் 5 மி.மீ. அகலும்.

4. ஆஃப்செட்டைக் குறைத்தால் யார் கூலி கொடுக்கிறார்கள் என்று தெரிந்துகொள். முதலில் பேரிங். வண்டியின் பாரம் டயரின் நடுக்கோட்டில் தரையைத் தொடுகிறது. அந்தக் கோடு பேரிங்குக்குப் பக்கத்தில் இருக்கும்படிதான் கம்பெனியில் வைத்திருப்பார்கள். 10 மி.மீ. வெளியே தள்ளினால் நெம்புகோலின் கையை நீட்டிவிட்டது போல. நேர் ரோட்டில் தெரியாது. வளைவில் வெளிப்பக்கச் சக்கரம் முழுப் பாரத்தையும் வாங்கும்போது பேரிங் தாங்காது. உறுமல் கேட்ட பிறகு என்னிடம் வருவார்கள்.

அடுத்தது ஸ்டீயரிங். சக்கரம் திரும்பும்போது கண்ணுக்குத் தெரியாத ஒரு கோட்டைச் சுற்றித் திரும்புகிறது. ஸ்ட்ரட்டின் தலையிலிருந்து கீழே பால் ஜாயின்ட் வழியாக அந்தக் கோட்டைத் தரைவரை நீட்டிப் பார். டயர் தரையில் பதியும் இடத்தின் நடுவுக்குப் பக்கத்திலேயே போய்த் தொடும். முன்சக்கரம் இழுக்கிற வண்டிகளில் பலவற்றுக்கு அது நடுவைவிடச் சற்று வெளியே விழும்படி வைத்திருப்பார்கள். ஒரு பக்கப் பிரேக் கூடப் பிடித்தாலும், ஒரு சக்கரம் மணலில் ஏறினாலும், வண்டி தானாக நேரே நிற்கும். சக்கரத்தை வெளியே தள்ளினால் அந்தக் கணக்கு குலைந்து, ஒவ்வொரு குழியும் ஸ்டீயரிங் வழியாகக் கையை உதறும். குமுளியிலிருந்து லோயர் கேம்ப் வரை பிரேக் பிடித்துக்கொண்டே இறங்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுத்தால் பள்ளம் எந்தப் பக்கம் என்று உனக்கே தெரியும். மலை ஏறி இறங்கும் வண்டிக்குக் கம்பெனி ஆஃப்செட்டிலிருந்து 5 மி.மீ. குறைக்க நான் சம்மதிப்பேன். 10-க்கு மேல் போனால் மாட்டித் தர மாட்டேன்.

5. ஸ்பேசர், அதாவது சக்கரத்தை வெளியே தள்ள ஹப்புக்கும் ரிம்முக்கும் நடுவே வைக்கும் தகடு, வேண்டாம் என்று நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இளவயதில் ஒரு எஸ்டேட் ஜீப்புக்காரர் சக்கரம் அகலமாக நிற்க வேண்டும் என்று கேட்டார். இரும்பு ரிம்மை உள்பக்கம் வெளிப்பக்கமாகத் திருப்பி மாட்டிக் கொடுத்தேன். பார்க்கக் கம்பீரமாக இருந்தது. ஆனால் நட்டு உட்காரும் கூம்புப் பள்ளம் ரிம்மின் ஒரு பக்கம்தான் இருக்கும் என்பதை நான் யோசிக்கவில்லை. நட்டு தட்டையான இரும்பின் மேல் உட்கார்ந்தது. நாலாம் நாள் சாயங்காலம், ஆட்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு இறங்கும்போது இடது முன்சக்கரம் ஆடியிருக்கிறது. டிரைவர் அனுபவசாலி, மலைப்பக்கம் ஒதுக்கி நிறுத்திவிட்டார். போய்ப் பார்த்தபோது போல்ட் துளைகள் முட்டை வடிவில் நீண்டிருந்தன, இரண்டு போல்ட் அறுந்திருந்தது. பின்னால் உட்கார்ந்திருந்த அம்மாமார்களின் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. தப்பு என்னுடையது.

ஸ்பேசரிலும் இதே ஆபத்துதான். தகடு வைத்த அளவுக்குப் போல்ட்டின் மரை குறையும். எத்தனை சுற்று மரை பிடித்திருக்கிறது என்று எண்ணிப் பார்க்காமல் மாட்டுகிறவனிடம் வண்டியைக் கொடுக்காதே.

6. நட்டும் நடுத்துளையும். ஸ்விஃப்ட்டுக்குக் கூம்பு நட்டு, போலோவுக்கு உருண்டை முகம் வைத்த போல்ட். ஒன்றுக்கு இன்னொன்று பொருந்தவே பொருந்தாது, இறுகியது மாதிரி மட்டும் காட்டும். நடுத்துளையையும் பார். ஸ்விஃப்ட்டின் ஹப் 54.1 மி.மீ., போலோவுடையது 57.1. பெரிய துளை உள்ள அலாயைச் சின்ன ஹப்பில் மாட்டினால் நடுவில் உட்கார வைக்கும் வளையம் கட்டாயம் வேண்டும். பேலன்ஸிங் எத்தனை முறை செய்தும் ஸ்டீயரிங் நடுங்குகிறது என்று வரும் வண்டிகளில் பலவற்றுக்கு அந்த வளையம்தான் மருந்து.

7. அகல டயர் என்றால் பிடிப்பு அதிகம் என்பது பாதி உண்மை. தரையில் பதியும் பரப்பைப் பெரும்பாலும் தீர்மானிப்பது வண்டியின் பாரமும் காற்றழுத்தமும்தான். டயர் அகன்றால் அந்தப் பரப்பு அகலத்தில் கூடி நீளத்தில் குறையும். காய்ந்த ரோட்டில் வளைவுக்கு அது உதவும், மறுக்கவில்லை. ஐப்பசி மழையில் ரோட்டில் தண்ணீர் ஓடும்போது அகல டயர்தான் முதலில் மிதக்கும். ஸ்டீயரிங் கனக்கும், பெட்ரோல் கூடக் குடிக்கும்.

2012-ல் டொயோட்டா ஜி.டி.86 என்ற ஸ்போர்ட்ஸ் காரைக் கொண்டுவந்தார்கள். இருநூறு குதிரைத்திறன். அதற்கு அவர்கள் போட்டது 215 மி.மீ. டயர்தான். பெரிதாகப் போட முடியாமல் இல்லை. வண்டி எப்போது வழுக்கத் தொடங்குகிறது என்று ஓட்டுகிறவனுக்குக் கையில் தெரிய வேண்டும் என்று வேண்டுமென்றே குறைத்தார்கள். 1989-ல் வந்த மாஸ்டா எம்.எக்ஸ்-5க்கு 185 மட்டுமே. உலகம் கொண்டாடிய ஸ்போர்ட்ஸ் கார் அது. நம் ஸ்விஃப்ட்டில் மேல் மாடலுக்கு வருவதும் 185தான். அதில் 195 போடு, மிஞ்சினால் 205. ரிம்முக்கும் டயருக்கும் ஜோடிப் பொருத்தம் பார்: 195/55 டயருக்கு 5.5 முதல் 7 அங்குல ரிம் வரை, 205/55-க்கு 5.5 முதல் 7.5 வரை. அகல ரிம்மில் ஒடுங்கிய டயரை இழுத்துப் பூட்டுவதை நான் செய்வதில்லை. வளைவில் டயரின் உதடு ரிம்மை விட்டு விலகினால் காற்று ஒரே மூச்சில் போய்விடும்.

8. டயரோடு சேர்ந்த மொத்த விட்டத்தை மாற்றாதே. 185/65 ஆர்15 டயரின் உயரம்: 185-ல் 65 விழுக்காடு 120.25, அதை இரட்டித்து 15 அங்குலத்தின் 381-ஐக் கூட்டு, 621.5 மி.மீ. 195/55 ஆர்16 என்றால் 620.9. வித்தியாசமே இல்லை, தாராளமாகப் போடு. 205/55 ஆர்16 என்றால் 631.9, உயரம் கூடுகிறது. ஸ்பீடாமீட்டர் உண்மையைவிடக் குறைத்துக் காட்டும், ஏற்றத்தில் முதல் கியரும் திணறும்.

9. பக்கச்சுவர். 185/65 டயரில் ரிம்முக்கும் தரைக்கும் நடுவே 120 மி.மீ. ரப்பர் இருக்கிறது. 205/45 ஆர்17 போட்டால் அது 92. போன அந்த 28 மி.மீ.தான் குழியில் ரிம்மைக் காப்பாற்றுவது. மழைக்குப் பிறகு மலை ரோட்டில் ஓரம் அரித்த தார் விளிம்பு அரிவாள் மாதிரி நிற்கும். வளைந்த அலாயைச் சூடு காட்டி நிமிர்த்தலாம், விரிசல் விட்டதை வெல்டு வைத்து ஓட்டாதே. 17 அங்குலம் நம் பள்ளத்தாக்குக்குத் தேவையில்லை என்பது என் தீர்மானமான கருத்து.

10. டயரில் ரிம் விட்டத்துக்குப் பிறகு வரும் எண்ணையும் படி. 88 என்றால் ஒரு டயர் 560 கிலோ தாங்கும், 82 என்றால் 475. கம்பெனி கொடுத்ததற்குக் கீழே இறங்கக் கூடாது. தயாரித்த வாரமும் வருடமும் நான்கு இலக்கத்தில் இருக்கும்: 2323 என்றால் 2023-ன் இருபத்து மூன்றாம் வாரம்.

11. மாட்டிப் பார்க்காமல் பணம் கொடுக்காதே. ஒரே ஒரு சக்கரத்தை மாட்டச் சொல். ஸ்டீயரிங்கை இரு பக்கமும் கடைசிவரை ஒடித்து, ஸ்ட்ரட், பிரேக் ஹோஸ், உள் மட்காடு மூன்றிலும் விரல் விட்டுப் பார். பிறகு மட்காடு விளிம்பின் உள்பக்கம் களிமண் உருண்டை ஒட்டி, ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு, மெதுவாக ஒரு வேகத்தடை மேல் ஏற்றி இறக்கு. உருண்டை நசுங்கியிருந்தால் அந்த ரிம் உனக்கு இல்லை. தனியாக ஓட்டிப் பார்த்து ஏமாந்தவர்கள் நிறையப் பேர். சுருளி அருவிக்குக் குடும்பத்தோடு போகும் அன்றுதான் டயர் உரசும். இடம் பண்ணுவதற்காக மட்காடு விளிம்பை வெட்டவும் வேண்டாம், தாழ்வாக நிற்க ஸ்பிரிங்கை அறுக்கவும் வேண்டாம்.

12. சட்டம். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, கம்பெனி குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அந்த வழக்கு போனது கேரளாவிலிருந்து. நமக்கு அந்த மாநிலம் மலைக்கு அந்தப் பக்கம்தான் தொடங்குகிறது. அகல டயரில் வேகம் பார்க்க ஆசை என்றால் கோவை செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. அங்கே எதிரே பஸ் வராது.

13. மாட்டியதும் வேலை முடிந்தது என்று நினைக்காதே. நட்டை டார்க் ரெஞ்சில், வண்டியின் புத்தகத்தில் போட்டிருக்கும் அளவுக்கு, எதிரெதிராக முறுக்கச் சொல். அலைன்மென்ட் பார். பிறகு வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம் வழியாகக் கம்பம் வரை நிதானமாக ஓட்டு. போய்த் திரும்பினால் எண்பது கிலோமீட்டர் சொச்சம். பாட்டுப் போடாதே, சக்கரத்தின் சத்தத்தைக் கேள். திரும்பி வந்து, ரிம் சூடு ஆறின பிறகு, நட்டுகளை மறுபடி முறுக்கிப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போ.