மெஷினை நம்புகிறவருக்கு வேலை இல்லை

பெரம்பலூர் மாவட்டம் செட்டிகுளத்துக்குச் சின்ன வெங்காயம் வாங்க வருகிற வியாபாரி மேலாகக் கிடப்பதைப் பார்த்து விலை சொல்லமாட்டார். மூட்டைக்குள் கையை விட்டு அடியில் கிடப்பதை எடுத்துப் பார்ப்பார். லேப் இன்டர்வியூவும் அப்படித்தான். கெமிஸ்ட்ரி டிகிரி மேல்சரக்கு. போட்டிக்கு வந்த எல்லோரிடமும் இருக்கும். தண்ணீரிலும் தானியத்திலும் மாசு தேடும் வேலை வேண்டுமா? ஃப்ளூரசென்ஸ் ஸ்பெக்ட்ராஸ்கோபியை அடிவரை கற்றுக்கொள்ளுங்கள்.

1. அடிப்படையை இரண்டே வரியில் சொல்லுங்கள். மூலக்கூறு ஒளியை உறிஞ்சும். அதைவிட நீண்ட அலைநீளத்தில் உமிழும். 1852-இல் விஞ்ஞானி ஸ்டோக்ஸ் ஃப்ளோர்ஸ்பார் கனிமத்தை வைத்து இதற்குப் பெயர் சூட்டினார். பெயரை நம்பி, 'ஃப்ளூரைடை இதில்தான் அளப்போம்' என்று உளறாதீர்கள். அதற்கு அயன் எலெக்ட்ரோடு இருக்கிறது.

2. சொந்த ஊர் உதாரணம் வைத்திருங்கள். பெரம்பலூர் மக்காச்சோளத்தை ஈரத்தோடு குவித்தால் பூஞ்சை பிடித்து அஃப்ளாடாக்சின் உண்டாகலாம். புற ஊதா ஒளியில் 'பி' வகை நீலமாக, 'ஜி' வகை பச்சையாக ஒளிரும். ப்ளூ, க்ரீன் என்பதன் முதலெழுத்துகளே அவை. ஹெச்பிஎல்சியில் பிரித்து, ஃப்ளூரசென்ஸ் டிடெக்டரில் அளப்பார்கள்.

3. ஓர் எண்ணாவது மனப்பாடமாக இருக்கட்டும். போர்வெல் தண்ணீரில் யுரேனியத்தை எல்ஈடி ஃப்ளூரிமீட்டரில் அளக்கிறார்கள். சோடியம் பைரோபாஸ்பேட் சேர்த்தால் அதன் பச்சை ஒளி கூடும். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 30 மைக்ரோகிராம்.

4. மெஷின் எங்கே ஏமாற்றும் என்று தெரிந்துகொள்ளுங்கள். சாம்பிள் அடர்த்தியானால் ஒளி கூடுவதற்குப் பதில் குறையும். இது இன்னர் ஃபில்டர் எஃபெக்ட். நீர்க்கச் செய்து மறுபடி ஓட்டுங்கள். எக்சைட்டேஷனை மாற்றும்போது பீக்கும் கூடவே நகர்கிறதா? அது மாசு இல்லை, தண்ணீரின் ராமன் சிதறலாக இருக்கலாம்.

5. எல்லையை நீங்களே முந்திச் சொல்லுங்கள். ஒளிராத பூச்சிமருந்துகள் நிறைய. அவற்றுக்கு ஜிசி-எம்எஸ் போன்ற கருவிகள் வேண்டும். 'எல்லாம் கண்டுபிடிப்பேன்' என்றால் அனுபவஸ்தர் சிரிப்பார்.

6. கை சுத்தம் காட்டுங்கள். ஃப்ளூரசென்ஸ் கியூவெட்டின் நான்கு பக்கமும் தெளிவாக இருக்க வேண்டும்; மேல் விளிம்பில் பிடியுங்கள். லாக்புக்கை அன்றன்றே எழுதுங்கள். என்ஏபிஎல் அங்கீகாரம் பெற்ற லேப்பில் எழுதாத வேலை செய்யாத வேலைதான்.

கடைசியாக ஒன்று. இன்டர்வியூவில் ஸ்பெக்ட்ரம் பிரின்ட்-அவுட்டை நீட்டினால், உடனே பீக்கைக் காட்டி விளக்கத் தொடங்காதீர்கள். 'சார், பிளாங்க் ரீடிங் எங்கே?' என்று கேளுங்கள். மூட்டையின் அடிவரை கை போய்விட்டது என்று எதிரில் இருப்பவருக்குப் புரியும்.