ரியூனியன் தீவு: நம்மவர் கரும்பு வெட்டிய பிரெஞ்சு மண்



திருக்கோவிலுக்குப் பக்கத்திலுள்ள சாகாமத்துக்கு, தோட்டத்தை விட்டுப் போய்க் குடியேறிய சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போயிருந்தோம். குளக்கட்டில் நின்று பேசிக்கொண்டிருந்தபோது அந்த வீட்டுத் தம்பி கேட்டார்: "ரியூனியன் எண்டு ஒரு தீவாம் மாமா. படகில போய் இறங்கினா பிரான்சில இறங்கின மாதிரித்தானாம். காசு கட்டச் சொல்லுறாங்க. அது எங்க இருக்கு?" நமக்கும் உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. தேடிப் படித்ததை இந்த மாதப் பாடமாகத் தருகிறோம்.

நிலம்

ரியூனியன் இந்து சமுத்திரத்தில், மடகஸ்காருக்குக் கிழக்கே, மொரீஷியசுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அம்பாறைக் கரையிலிருந்து 4000 கிலோமீற்றருக்கும் மேல். பரப்பு சுமார் 2512 சதுர கிலோமீற்றர். நுவரெலியா மாவட்டத்தைவிடப் பெரிது, அம்பாறை மாவட்டத்தைவிடச் சிறிது. சனத்தொகை 9 இலட்சத்துக்குக் கிட்ட. தலைநகர் சென் தெனி.

நம்ம பீதுருதாலகால மலை 2524 மீற்றர். அங்குள்ள பித்தோன் தே நேஜ் மலை ஏறக்குறைய 3070 மீற்றர். இன்னொரு மலை இன்றும் நெருப்புக் கக்கும் எரிமலை. 1966 ஜனவரியில் ஃபொக்ஃபொக் என்ற இடத்தில் ஒரே நாளில் 1825 மில்லிமீற்றர் மழை கொட்டியது. அது உலக சாதனை. மஃபாத் என்ற மலைக்கிண்ணத்துக்குள் வாகனப் பாதையே கிடையாது. நடந்து போகவேண்டும், இல்லாவிட்டால் ஹெலிகொப்டர்தான்.

மக்கள்

பிரெஞ்சுக்காரர் வந்து குடியேறும்வரை அங்கே குடிமக்கள் யாரும் இல்லை. பிறகு மடகஸ்காரிலிருந்தும் ஆபிரிக்காவிலிருந்தும் அடிமைகளைக் கொண்டுவந்து தோட்டம் போட்டார்கள். 1848 டிசம்பர் 20இல் அடிமைமுறை ஒழிந்தது. கரும்புத் தோட்டத்துக்கு ஆள் வேண்டுமே! பாண்டிச்சேரி, காரைக்கால், சென்னை துறைமுகங்களிலிருந்து தமிழ்ச் சனங்களைக் கப்பல் ஏற்றினார்கள். ஐந்து வருட ஒப்பந்தம். இந்தியாவிலிருந்து போனவர்கள் ஒரு இலட்சத்துக்கும் மேல். அங்கே பட்ட கொடுமையைப் பார்த்து, 1882இல் பிரிட்டிஷ் இந்திய அரசே ஆள் அனுப்புவதை நிறுத்தியது.

நம்ம பாட்டன் பூட்டன் கங்காணி பின்னால் மன்னார் வழி நடந்து வந்த அதே காலம்தான் அது.

அவர்களின் பிள்ளைகளை இன்று 'மல்பார்' என்கிறார்கள். ராமசாமி, வீராசாமி என்ற பெயர்கள் குடும்பப் பெயராக நிற்கின்றன. தீமிதி, காவடி உண்டு. முருங்கைக்கீரையை 'முரும்' என்றும், பீர்க்கங்காயை 'பிபங்காய்' என்றும் சொல்கிறார்கள். ஆனால் பேச்சு கிரியோல், படிப்பு பிரெஞ்சு. கோவில் பாட்டைக்கூடப் பலர் பிரெஞ்சு எழுத்தில் எழுதி வைத்துத்தான் பாடுகிறார்கள். குஜராத்தி முஸ்லிம்களும் சீனரும் அங்கே உண்டு. சென் தெனியில் 1905இல் திறந்த பள்ளிவாசல் பிரெஞ்சு நாட்டின் மிகப் பழைய பள்ளிவாசல்களில் ஒன்று.

ஆட்சி

ரியூனியன் தனி நாடு அல்ல. 1946இலிருந்து பிரான்சின் ஒரு மாவட்டம். பாரிசிலிருந்து அனுப்பப்படும் அரச அதிபர் இருக்கிறார். மாவட்ட சபை, பிராந்திய சபை, 24 நகரசபைகள் உண்டு. பிரெஞ்சுப் பாராளுமன்றத்துக்கு 7 பிரதிநிதிகளையும், செனட்டுக்கு 4 பேரையும் அனுப்புகிறார்கள். காசு யூரோ. தமிழ் வழிவந்த ஜான் போல் விராபூலே சென் அந்திரே நகர மேயராகவும் செனட்டராகவும் இருந்தவர்.

இது எப்படி நடந்தது? 1889இன் பிரெஞ்சுச் சட்டம், அந்த மண்ணில் பிறந்த வெளிநாட்டார் பிள்ளைகளும் குடியுரிமை பெற வழி திறந்தது. நமக்கோ 1948ஆம் ஆண்டுச் சட்டம் குடியுரிமையைப் பறித்தது. 1964 ஒப்பந்தம் குடும்பங்களைப் பிரித்தது. மிச்சமிருந்தோருக்கு 2003இல்தான் முழுத் தீர்வு வந்தது.

அவர்களுக்கு ஓட்டு சீக்கிரம் கிடைத்தது, தாய்மொழி கைநழுவியது. நமக்கு ஓட்டு இல்லாத காலத்திலும் லயத்துக்குள் தமிழ் நின்றது. இன்று அங்கே சங்கங்கள் வைத்துத் தமிழை மறுபடி முதலிலிருந்து படிக்கிறார்கள். நம்மிடம் இப்போது இரண்டும் இருக்கின்றன. இரண்டையும் காப்பாற்ற வேண்டியது நம்ம பொறுப்பு.

தம்பிக்குப் பதில்

2018 முதல் 2023 வரை இலங்கையிலிருந்து பல படகுகள் ரியூனியன் போயின. போனவர்களில் பலரை விமானத்தில் ஏற்றித் திருப்பி அனுப்பினார்கள். ரியூனியன் பிரான்சுதான், ஆனால் ஷெங்கன் விசா வலயத்தில் சேராது. அங்கே இறங்கியவர் அப்படியே பாரிஸ் போய்விட முடியாது. நகையை அடகு வைத்து, 4000 கிலோமீற்றர் கடலை மீன்பிடி வள்ளத்தில் தாண்டச் சொல்பவரை நம்பாதீர்கள் தம்பி. வெளிநாட்டு வேலைக்குப் போவதானால், முகவருக்கு அனுமதிப்பத்திரம் உண்டா என்று வேலைவாய்ப்புப் பணியகத்தில் விசாரித்துவிட்டுக் காசு கொடுங்கள்.

பிள்ளைகளுக்கு:
1. உலகப் படத்தில் ரியூனியனைக் கண்டுபிடித்து வட்டமிடுங்கள்.
2. 1848, 1948 ஆகிய ஆண்டுகளில் எங்கே என்ன நடந்தது?
3. உங்கள் குடும்பம் இந்தியாவில் எந்த ஊரிலிருந்து வந்தது? அப்பாயியிடம், தாத்தாவிடம் கேட்டுக் கொப்பியில் எழுதி வையுங்கள்.