குறைந்த செலவில் நிறைந்த படம்

திரைப்படக் கலைக்கும் நம் தேனிப் பகுதிக்கும் உள்ள உறவை நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அல்லிநகரம் பாரதிராஜாவைத் தந்தது. பண்ணைப்புரம் இளையராஜாவைத் தந்தது. ஆயினும் நம் கல்லூரி நண்பர்கள் கூடிப் பேசும்போதெல்லாம், "படம் எடுக்கப் பணம் வேண்டும், பணம் நம்மிடம் இல்லை" என்ற இடத்திலேயே பேச்சு நின்றுவிடுகிறது. இது சரிதானா என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

செலவு எங்கே போகிறது?

ஒரு படத்தின் செலவைப் பிரித்துப் பார்ப்போம். நடிகர் சம்பளம், அரங்க அமைப்பு, கருவி வாடகை, படப்பிடிப்பு நாள்களின் சாப்பாடும் போக்குவரத்தும், படத்தொகுப்பு, ஒலிச்சேர்க்கை, விளம்பரம் என அது விரியும். இவற்றுள் முதல் இரண்டையும் கதையே குறைத்துவிடும். ஊரே அரங்கமாகவும், ஊர் மக்களே நடிகர்களாகவும் அமையும் கதைக்கு அவ்விரண்டும் பெருஞ்செலவாகா. படச்சுருளின் செலவும் இன்று இல்லை. ஆனால் ஒலியில் மிச்சம் பிடித்தால் படம் கெடும்.

மலை சொன்ன கதை

இதற்குச் சான்று தேட நாம் தொலைவு போக வேண்டாம். 2018 ஆகஸ்டில் வெளிவந்த 'மேற்குத் தொடர்ச்சி மலை' நம் மாவட்டத்தவரான லெனின் பாரதி இயக்கிய படம். ஒளிப்பதிவு தேனி ஈஸ்வர், இசை இளையராஜா. மலை ஏறி இறங்கி ஏலக்காய் மூட்டை சுமக்கும் ரங்கசாமிக்கு ஒரே ஆசை, சொந்தமாகக் கொஞ்சம் நிலம் வாங்க வேண்டும் என்பது. பாடுபட்டு வாங்கிய நிலத்தைக் கடனுக்குப் பறிகொடுத்து, முடிவில் அதே மண்ணில் நிற்கும் காற்றாலைக்குக் காவலாளியாக உட்கார்கிறான். கேமரா மெல்ல மேலே எழும்ப, சுற்றிலும் காற்றாலைகள். வசனம் எதுவும் இல்லாமலே நெஞ்சு கனத்துப்போகிறது.

இப்படத்தில் பெரிய நட்சத்திரம் இல்லை. இப்பகுதி மக்கள் பலர் அதில் தோன்றுகிறார்கள். மூட்டை சுமப்பவரின் நடையும் மூச்சும் பயிற்சியால் வருவன அல்ல, பிழைப்பால் வருவன. 1948-இல் இத்தாலியில் டி சிகா எடுத்த 'சைக்கிள் திருடர்கள்' படத்தின் நாயகனும் தொழில்முறை நடிகர் அல்லர். ஓர் ஆலைத் தொழிலாளியே.

பணம் வந்த மூன்று வழிகள்

சிக்கனமான படத்துக்கும் யாரேனும் பணம் போட்டே ஆக வேண்டும். அதை மறைப்பது நேர்மையாகாது. 'மேற்குத் தொடர்ச்சி மலை'யை நடிகர் விஜய் சேதுபதி தயாரித்தார். சத்யஜித் ராயின் 'பதேர் பாஞ்சாலி' (1955) பணமின்றி நடுவில் நின்றபோது மேற்கு வங்க அரசு கைகொடுத்தது. 1977-இல் தமிழில் 'அக்ரஹாரத்தில் கழுதை' எடுத்த ஜான் ஆபிரகாம், 1986-இல் மலையாளத்தில் 'அம்மா அறியான்' எடுத்தபோது, அவருடைய ஒடெசா குழு ஊர் ஊராகப் போய் மக்களிடம் பணம் திரட்டியது. தனியார், அரசு, மக்கள் என வழி மூன்று. இவற்றுள் மாணவருக்கு அருகில் இருப்பது மூன்றாவதே.

நாம் எடுக்க வேண்டிய படங்கள்

என் மனத்தில் இரண்டு படங்கள் உள்ளன. ஒன்று, ரயிலைப் பற்றியது. 2010 இறுதியில் நின்ற மதுரை-போடி மீட்டர்கேஜ் வண்டி, அகலப்பாதையாகி 2022-இல் தேனிக்கும் 2023-இல் போடிக்கும் திரும்பி வந்தது. இடைப்பட்ட ஆண்டுகளைப் பெரியவர்கள் வாயால் கேட்டுப் பதிவு செய்யலாம்.

மற்றொன்று, விடியுமுன் கம்பம் மெட்டு ஏறி ஏலத்தோட்டங்களுக்குப் போகும் ஜீப்பைப் பற்றியது. என் அம்மா அதில் போய்வருபவர். இந்தக் கதையைச் சொன்னபோது அவர் கேட்டது ஒன்றுதான்: "படம் பிடிக்கிற அன்னைக்கு எங்க கூலியை யாருப்பா குடுப்பா?"

என் கணக்கில் அந்தச் செலவை நான் எழுதியிருக்கவே இல்லை. கேமரா வாடகையை எழுதியிருந்தேன், டீச்செலவைக்கூட எழுதியிருந்தேன். உழைப்பவரின் வறுமையைக் காட்டப்போகும் படம், அவருடைய ஒருநாள் கூலியை மறந்துவிட்டது! நடிக்க வருபவருக்கு அன்றைய கூலியைக் கொடுக்காமல் எடுப்பது சிக்கனம் அன்று; பிறர் வயிற்றில் அடிப்பது. அன்றிரவே கணக்கை மாற்றி எழுதினேன். கூலி முதல் வரியில் ஏறியது. அதை ஈடுகட்ட எட்டு நாள் படப்பிடிப்பை மூன்று நாளாக்கினேன்.

முடிவுரை

நாள் குறைந்தால் படம் குறையுமே என்பீர்கள். குறையாது, முன்வேலை கூடும். எந்த வளைவில் எப்போது வெயில் விழும், ஜீப்பில் யார் எங்கே உட்காருவார், எந்தப் பேச்சு எந்த இடத்தில் வரும் என்பதையெல்லாம் பல நாள் உடன் போய்ப் பார்த்துக் குறித்துக்கொண்டால், மூன்று நாள் போதும். பணத்துக்குப் பதிலாகக் காலத்தைக் கொடுப்பதே குறைந்த செலவுப் படத்தின் இலக்கணம். மாணவரிடம் இருக்கும் செல்வமும் அதுவே. வரும் விடுமுறையில் விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து என்னுடன் வரக்கூடிய நண்பர்கள் பெயர் கொடுக்கலாம்.