வீட்டுக்கு ஏற்ற கிட்டார் ஆம்ப்: வாங்கும் முன் 7 குறிப்புகள்

மூணாறு எஸ்டேட் லயங்களில் இரண்டு வீட்டுக்கு நடுவே ஒரே சுவர்தான். கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கத்து நெருக்கமான தெருக்களிலும் சத்தம் அடுத்த வீட்டுக்குப் போகும். அங்கே பழகுவோருக்குச் சிறிய ஆம்பே ஏற்றது.

1. 5 முதல் 10 வாட்டுக்குள் வாங்கவும். ஓர் அறைக்கு அது தாராளம்.

2. 6 அல்லது 8 அங்குல ஸ்பீக்கராகப் பார்க்கவும். 3 அங்குலத்தில் தடித்த கம்பிகளின் நாதம் மெலிந்துவிடும்.

3. ஹெட்போன் செருகும் வசதி இருக்கட்டும். இரவில் வாசித்தாலும் பக்கத்து வீட்டார் தூக்கம் கெடாது.

4. வால்வு ஆம்பைத் தவிர்க்கவும். விலை கூடுதல், வால்வு தேய்ந்தால் மாற்றும் செலவும் உண்டு.

5. பேட்டரியிலும் இயங்குவதை விரும்பித் தேர்ந்தெடுக்கவும். மழையில் மின்சாரம் போனாலும் பயிற்சி நிற்காது. ரோலண்டு மைக்ரோ கியூபுக்கு 6 ஏஏ பேட்டரி போதும்.

6. பழையது என்றால் குமிழ்களைத் திருகிக் கேட்கவும். கரகரத்தால் உள்ளே தூசியோ தேய்மானமோ இருக்கும். வெளிநாட்டுச் சரக்கில் 220–240 வோல்ட் என்று இருக்கிறதா எனவும் பார்க்கவும். 110 வோல்ட் ஆம்ப் இங்கே கருகிவிடும்.

7. ஐப்பசி இடிமழை தொடங்கும் முன்பே பிளக்கைக் கழற்றவும். சுவிட்சை மட்டும் அணைப்பது மின்னலிலிருந்து ஆம்பைக் காக்காது.