உயரமான பிள்ளையை எங்கே அனுப்புவது? தென்காசிப் பக்கத்துப் பெற்றோருக்கு ஒரு கூடைப்பந்து வழிகாட்டி

சுந்தரபாண்டியபுரத்தில் ஒன்பதாம் வகுப்பு படிக்கும் பையன் ஆறடியைத் தொட்டுவிட்டால், பி.இ.டி. சார் அவன் கையில் முதலில் கொடுப்பது வாலிபால்தான். அடுத்த வருஷம் யாராவது பாஸ்கட்பால் கொடுப்பார்கள். வட்டார அளவில் ஜெயித்து, குடியரசு தின விளையாட்டுப் போட்டிகளில் மாவட்ட அளவுக்கும் போய்விட்டால் வீட்டில் பேச்சு ஆரம்பமாகிவிடும். ஸ்போர்ட்ஸ் ஹாஸ்டலில் சேர்க்கலாமா, சென்னைக் கல்லூரியில் ஃப்ரீ சீட் கிடைக்குமா, ரயில்வே வேலைக்குப் பார்ப்போமா, பையன் போனில் காட்டுகிற அமெரிக்காதானா? பெண் பிள்ளையாக இருந்தால் இதே கேள்விகளோடு இன்னும் நாலு பேர் அபிப்பிராயமும் சேர்ந்துகொள்ளும்.

இந்த வழிகள் எல்லாவற்றிலும் நம் நாட்டவர் ஏற்கெனவே நடந்திருக்கிறார்கள். அவர்களுக்கு என்ன நடந்தது என்று பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். நான் இரண்டே கேள்விகளை வைத்து ஒவ்வொரு வழியையும் அளக்கிறேன். அங்கே போனால் பிள்ளை ஆட்டத்தில் எத்தனை நிமிடம் இறங்கும்? முப்பத்தைந்து வயதில் ஆட்டத்தை நிறுத்தும்போது கையில் என்ன இருக்கும்?

சென்னையில் வேலை, மெல்போர்னில் ஆட்டம்

ஊர் ஊராகப் போய் ஆடிய இந்தியர்களில் நம் பிள்ளைகளுக்கு மிக நெருக்கமான உதாரணம் கீத்து அன்னா ஜோஸ். கோட்டயம் பக்கத்துக்காரர், அதாவது செங்கோட்டை தாண்டினால் எட்டிவிடக்கூடிய ஊர். ஆறடி இரண்டு அங்குல உயரம். வாலிபாலில் தொடங்கி கூடைப்பந்துக்கு மாறியவர். சென்னையில் தெற்கு ரயில்வேயில் வேலை. 2006 முதல் 2008 வரை ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநில லீக்கான பிக் வி-யில், மெல்போர்ன் புறநகர் அணியான ரிங்வுட் ஹாக்ஸுக்கு ஆடினார்.

பிக் வி அந்த நாட்டின் உச்ச லீக் இல்லை, மாநில அளவுதான். அந்தத் தேர்வில்தான் புத்திசாலித்தனம் இருக்கிறது என்பேன். சின்ன கிளப் ஒன்று வெளிநாட்டிலிருந்து வீராங்கனையைக் கூட்டி வந்தால் பெஞ்சில் உட்கார வைக்க அதற்குக் கட்டாது. ஆட வைத்தே தீரும். எதிரணியின் உயரமான பெண்கள் முதுகால் தள்ளுவதைத் தாங்கி, கூடைக்கு அடியில் இடம்பிடிக்கக் கற்றுக்கொள்வது அங்கேதான். உள்ளூரில் ஆறடி இரண்டு அங்குலப் பெண்ணைத் தள்ள ஆளே கிடையாது.

2011-ல் அமெரிக்காவின் பெண்கள் தொழில்முறை லீக்கான டபிள்யூ.என்.பி.ஏ.வில் சிகாகோ ஸ்கை, லாஸ் ஏஞ்சலஸ் ஸ்பார்க்ஸ், சான் அந்தோனியோ சில்வர் ஸ்டார்ஸ் ஆகிய மூன்று அணிகள் அவரைத் தேர்வு முயற்சிக்கு அழைத்தன. இடம் கிடைக்கவில்லை. திரும்பி வந்தார். அதனால் அவர் வாழ்க்கை நின்றுவிடவில்லை. வேலை இருந்தது, துறை அணி இருந்தது, இந்திய அணி இருந்தது. 2014-ல் அர்ஜுனா விருது வந்தது. முயன்று பார்த்து, கிடைக்காமல் திரும்பியவருக்கு வந்து நிற்க இடம் இருந்தது என்பதைப் பெற்றோர் கவனிக்க வேண்டும்.

அதே தெற்கு ரயில்வேயிலிருந்து வந்தவர்தான் சென்னையின் அனிதா பால்துரை. பத்தொன்பது வயதில் இந்திய அணியின் கேப்டன். தாயான பிறகும் களத்துக்குத் திரும்பி, 2017-ல் பெங்களூரில் நடந்த ஆசியக் கோப்பை இரண்டாம் பிரிவில் கேப்டனாக இந்தியாவைத் தங்கம் வெல்ல வைத்தார். இறுதி ஆட்டத்தில் கஜகஸ்தானை வென்று இந்தியா முதல் பிரிவுக்கு ஏறியது. 2021-ல் பத்மஸ்ரீ. கல்யாணம் ஆனால் விளையாட்டு போச்சு என்று சொல்லும் உறவினருக்கு இந்த ஒரு பெயரே போதும்.

பதினாலு வயதில் அமெரிக்கா

நேர் எதிரான வழி சத்னாம் சிங்குடையது. பஞ்சாபின் பல்லோ கே என்ற சிற்றூர். லூதியானா அகாடமியில் பழகி, 2010-ல் பதினாலு வயதில் ஃப்ளோரிடாவின் ஐ.எம்.ஜி. அகாடமிக்கு உதவித்தொகையில் போனார். ஏழடி இரண்டு அங்குலம். 2015 ஜூனில் டாலஸ் மேவரிக்ஸ் அணி அவரை 52-வது ஆளாகத் தேர்ந்தெடுத்தது. அமெரிக்காவின் ஆண்கள் தொழில்முறை லீக்கான என்.பி.ஏ.வில் அணிகள் புது ஆட்களை எடுக்கும் டிராஃப்டில் தேர்வான முதல் இந்தியர் என்று நாடே கொண்டாடியது.

என்.பி.ஏ. ஆட்டம் ஒன்றில்கூட அவர் இறங்கவில்லை. கீழ்நிலை லீக்கில் டெக்சாஸ் லெஜண்ட்ஸ் அணியில் இரண்டு சீசன் இருந்தார். இரண்டையும் சேர்த்தாலும் முப்பதுக்குக் குறைவான ஆட்டங்கள், அவற்றிலும் சில சில நிமிடங்கள். பிறகு கனடாவில் செயின்ட் ஜான்ஸ் எட்ஜ் அணி. 2019-ல் தெற்காசியப் போட்டிக்கான கேம்பில் எடுத்த ஊக்கமருந்துச் சோதனையில் ஹிஜெனமின் என்ற பொருள் இருந்ததாகத் தெரியவந்து, இரண்டு ஆண்டுத் தடை விதிக்கப்பட்டது. இப்போது அவர் அமெரிக்காவில் தொழில்முறை மல்யுத்த மேடையில் இருக்கிறார். அவர் உழைக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. பதினாலு முதல் இருபத்தொரு வயது வரை, ஓர் ஆட்டக்காரர் உருவாகும் வருஷங்களில், பயிற்சி நிறையக் கிடைத்த அளவுக்கு ஆட்டம் கிடைக்கவில்லை என்பதே என் வருத்தம்.

என்.பி.ஏ.வில் உண்மையிலேயே இறங்கிய முதல் இந்திய வம்சாவளி வீரர் கனடாவில் பிறந்த சிம் புல்லர். ஏழடி ஐந்து அங்குலம். 2015 ஏப்ரலில் சாக்ரமென்டோ கிங்ஸுக்காக மூன்று ஆட்டம். முதல் ஆட்டத்தில் அவர் களத்தில் இருந்தது பதினாறு விநாடி. ஆனால் அவருடைய தொழில் அங்கே முடியவில்லை. தைவானுக்கும் சீனாவுக்கும் போனார். அங்கே மையத் தூணாக நிறைய நிமிடம் ஆடி, பல ஆண்டு நல்ல சம்பாத்தியம் பார்த்தார். பெயர் பெற்ற லீக்கில் பதினாறு விநாடியா, பெயர் தெரியாத லீக்கில் முப்பது நிமிடமா என்று கேட்டால் நான் தயங்காமல் தைவானைக் காட்டுவேன்.

சம்பளக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அமெரிக்கா என்றதும் கோடிகள் கண்ணில் தெரிகின்றன. என்.பி.ஏ.வின் கீழ்நிலையான ஜி லீக்கில் 2018-19 சீசனுக்கான வழக்கமான ஒப்பந்தம் ஐந்து மாதத்துக்கு 35,000 டாலர். அம்ஜோத் சிங் ஓக்லஹோமா சிட்டி புளூ, விஸ்கான்சின் ஹெர்ட் ஆகிய அணிகளில் ஆடியது இந்த லீக்கில்தான். அதற்கு முன் அவர் ஜப்பானிலும் ஆடியவர். பஞ்சாப் விவசாயி மகன் அம்ரித்பால் சிங் 2017-ல் சிட்னி கிங்ஸ் அணிக்குப் போனார். பந்தை அவர் முதன்முதலில் தொட்டதே பள்ளி வயது முடியும் நேரத்தில். ஒன்பதாம் வகுப்பில் செலக்‌ஷன் கிடைக்கவில்லையே என்று மனம் உடைகிற பிள்ளைகளுக்காக இதைச் சொல்கிறேன்.

இங்கிருந்து புறப்படும் வழிகள்

ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக இறங்கும் காற்று நம் பக்கத்துப் பிள்ளைகளின் ஆட்டத்தையே மாற்றிவிடுகிறது. சூரியகாந்தி வயல்களைப் பார்க்கக் கூட்டம் வரும் அதே மாதங்களில், திறந்த வெளியில் தூரத்திலிருந்து எறியும் பந்து கூடைக்குப் போகாமல் பக்கத்து வயலைப் பார்த்துப் போகும். சாரலில் சிமெண்டுத் தரை வழுக்கும். அதனால் பிள்ளைகள் பந்தைத் தட்டிக்கொண்டு உள்ளே புகுந்து கூடைக்கு அருகில் போடவே பழகுகிறார்கள். மாவட்டம் தாண்டி உள்ளரங்கில் ஆடப் போனதும் மூன்று பாயிண்ட் எறியும் அணிகளிடம் தோற்கிறார்கள். கூரை உள்ள அரங்கில் வருஷம் முழுக்கப் பழகக் கிடைக்கும் இடத்தைத் தேடுங்கள் என்று நான் அழுத்திச் சொல்வதற்கு இதுதான் காரணம்.

பள்ளி வயதில் முதல் தேர்வு தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் ஹாஸ்டல். கோடையில் செலக்‌ஷன் நடக்கும். தங்குமிடம், சாப்பாடு, கோச், உபகரணம் எல்லாம் அரசு. குறை ஒன்று: எந்த ஊர் ஹாஸ்டலில் எந்த விளையாட்டு என்பது பிள்ளை கையில் இல்லை. விண்ணப்பிக்கும் முன்பு மாவட்ட விளையாட்டு அலுவலரிடம் கூடைப்பந்து எங்கே இருக்கிறது, அங்கே உள்ளரங்கம் உண்டா என்று கேட்டுவிடுங்கள். ஹாஸ்டல் கிடைக்காவிட்டால் முதலமைச்சர் கோப்பையை விடாதீர்கள். கல்லூரி கோச்சுகள் ஆள் தேடும் இடங்களில் அதுவும் ஒன்று. மே மாதம் பெரியகுளத்தில் சில்வர் ஜூபிலி கிளப் நடத்தும் அகில இந்தியப் போட்டியைப் பிள்ளையோடு ஒருமுறை போய்ப் பாருங்கள். துறை அணிகளின் ஆட்டத்தை நாலு அடி தூரத்தில் நின்று பார்த்தால், தான் எங்கே இருக்கிறோம் என்று பிள்ளைக்கே விளங்கிவிடும்.

பிளஸ் டூவுக்குப் பிறகு சென்னை அல்லது கோவைக் கல்லூரி. நல்ல அணி வைத்திருக்கும் கல்லூரிகள் கட்டணமும் ஹாஸ்டலும் தள்ளுபடி தரும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். பெரிய பெயருள்ள கல்லூரியில் கூடைக்கு அடியில் ஆடும் உயரமான ஆட்கள், அதாவது சென்டர்கள், ஏற்கெனவே மூன்று பேர் இருந்தால் உங்கள் பிள்ளை நாலாவது. இரண்டு வருஷம் தண்ணீர் பாட்டில் எடுத்துக் கொடுக்கத்தான் போவான். அதைவிடச் சற்றுச் சிறிய கல்லூரியில் முதல் ஐந்தில் இறங்கிப் பல்கலைக்கழக அணிக்குத் தேர்வானால் லாபம் பெரிது. காரணம் சர்டிஃபிகேட். ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் இந்தியாவுக்கு ஆடியதற்கு ஃபார்ம் 1, மாநிலத்துக்குத் தேசியப் போட்டியில் ஆடியதற்கு ஃபார்ம் 2, பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிக்கு ஃபார்ம் 3, தேசியப் பள்ளிப் போட்டிக்கு ஃபார்ம் 4. பெஞ்சில் உட்கார்ந்த வருஷத்துக்கு எந்த ஃபார்மும் கிடையாது.

வேலை என்று வரும்போது ரயில்வே, வருமான வரித் துறை, வங்கி, காவல்துறை எனப் பல துறை அணிகள் உண்டு. காலையும் மாலையும் பயிற்சி, நடுவில் அலுவலகம், போட்டிக்குப் போனால் விடுப்பு. பெற்றோர் மனதில் பதிய வைக்க வேண்டிய எண் ஒன்று உண்டு: ரயில்வே ஸ்போர்ட்ஸ் கோட்டாவுக்கு வயது 18 முதல் 25 வரை, தளர்வு இல்லை. இருபத்திரண்டு வயதில் யாரோ ஏஜெண்டை நம்பிச் சின்ன லீக் ஒன்றுக்குப் போய், மூன்று வருஷம் கழித்துத் திரும்பினால் அந்தக் கதவு சாத்தியிருக்கும். ஆகவே வேலை முதலில், வெளிநாடு அப்புறம். கீத்து அதற்குச் சாட்சி. ஓ.என்.ஜி.சி. வீரர் விசேஷ் பிருகுவன்ஷியும் சாட்சி; 2017-ல் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு 36ers அணி அவரை ஒப்பந்தம் செய்தது.

துறை வேலைக்குப் போனால் ஆட்டம் மழுங்கிவிடும் என்று சிலர் சொல்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். தமிழ்நாட்டு ஆண்கள் அணி 2022 ஏப்ரலில் சென்னையில் பஞ்சாபை வென்று தேசியச் சாம்பியன் ஆனது. மாநில அணிகளுக்கு முதுகெலும்பாக இருப்பவர்கள் துறை அணிக்காரர்கள்தான்.

உள்நாட்டுத் தொழில்முறை லீக்கை நம்பி மட்டும் படிப்பை விட வேண்டாம். 2015-ல் தொடங்கிய யு.பி.ஏ. லீக் நாலு சீசனோடு நின்றது. இப்போது ஐ.என்.பி.எல். ப்ரோ இருக்கிறது, சென்னை ஹீட் என்று நமக்கும் அணி இருக்கிறது. கூடுதல் வருமானம், வெளிநாட்டு வீரர்களோடு ஆடும் அனுபவம் என்ற அளவில் அருமையானது. மூன்றுக்கு மூன்று ஆட்டத்தையும் ஒதுக்காதீர்கள். பாதி மைதானமும் நாலு பேரும் போதும், ஒலிம்பிக்கிலும் வந்துவிட்டது.

அமெரிக்கக் கல்லூரி உதவித்தொகை படிப்பில் கெட்டியான பிள்ளைக்கான வழி. பெங்களூரின் சஞ்சனா ரமேஷ் நார்தர்ன் அரிசோனா பல்கலைக்கழகத்தில் அப்படித்தான் ஆடினார். அதற்கான மதிப்பெண் கணக்கு ஒன்பதாம் வகுப்பிலிருந்தே தொடங்குகிறது. பிளஸ் டூ முடித்துவிட்டு யோசிக்க ஆரம்பித்தால் தாமதம். ஆட்டம் கைகூடாவிட்டாலும் பட்டம் மிஞ்சும் என்பதால் ஜி லீக் கனவைவிட இதை மேலாக வைக்கிறேன்.

கையெழுத்துக்கு முன்

வெளிநாட்டு கிளப் அழைத்தால் சில விஷயங்களை எழுத்தில் வாங்குங்கள். ஏஜெண்டுக்கு உலகக் கூடைப்பந்து அமைப்பான ஃபிபாவின் உரிமம் இருக்கிறதா என்று பாருங்கள். சம்பளத் தகராறு வந்தால் ஃபிபாவின் நடுவர் தீர்ப்பாயத்துக்குப் போகலாம் என்ற ஷரத்து ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும்; அது இல்லாவிட்டால் அந்த நாட்டு நீதிமன்றத்தில் அலைய வேண்டிவரும். காயம்பட்டால் மருத்துவச் செலவும் மீதிச் சம்பளமும் யார் பொறுப்பு என்பது தெளிவாக எழுதப்பட்டிருக்க வேண்டும். இந்தியக் கூட்டமைப்பின் விடுவிப்புக் கடிதம் இல்லாமல் வேறு நாட்டு அணியில் ஆட முடியாது. பதினெட்டு வயதுக்குள் நாடு மாறிப் போய் ஆடுவதற்குச் சில விதிவிலக்கு தவிர அனுமதி இல்லை. அந்த வயதில் பணம் வாங்கிக்கொண்டு ஐரோப்பாவில் சேர்த்துவிடுகிறேன் என்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

துறையில் இருப்பவர் என்றால், பயணத்துக்கு முன் அலுவலகத்தின் எழுத்துப்பூர்வமான அனுமதி கையில் இருக்க வேண்டும். ஜிம்மில் யாராவது தரும் பவுடர் டப்பாவின் பின்பக்கத்தில் ஹிஜெனமின் என்ற பெயர் இருக்கிறதா என்று பிள்ளைக்கு இப்போதே பார்க்கச் சொல்லிக் கொடுங்கள். மூலிகை என்று போட்டிருக்கும் டப்பாவிலும் அது இருக்கலாம்.